ஒன்பதுக்கு முப்பத்தெட்டு

மோட்டார் வண்டியின் விரைவை அதன் எஞ்சினே நிர்ணயிக்கின்றது என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே. எஞ்சினிற் பிறக்கும் சுழற்சி சில்லுகளைச் சென்றடையுமுன் கடக்கவேண்டிய கடைசி வாயில் பின்னச்சின் நடுவே, உருண்டையான இரும்புப் பெட்டியொன்றினுள் இருக்கின்றது. அங்கே ஒரு சிறிய பற்சில்லு ஒரு பெரிய பற்சில்லைச் சுழற்றுகின்றது. பெரியதன் பற்களைச் சிறியதன் பற்களால் வகுத்தால் வரும் எண்ணே அந்த வண்டியின் குணம். எண் பெரிதானால் இழுவை மிகும், வேகம் குறையும். எண் சிறிதானால் வேகம் மிகும், இழுவை குறையும். இரண்டையும் ஒருங்கே தரும் எண் எதுவும் இல்லை. பற்சில்லுகள் அடங்கிய அத்தொகுதியைக் கராஜ்களில் 'டிபரன்சியல்' என்பர்.

ஆறு சிலிண்டர் கொண்ட விளையாட்டுக் கார்களை வைத்திருக்கும் மேல்நாட்டு அன்பர்கள் இத்தொகுதியை மாற்றுவதை ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர். 1969இல் ஜப்பானில் அறிமுகமான டற்சன் 240இசற் என்னும் கார் அவர்களுக்கு மிகவும் உவப்பானது. ஏறத்தாழ 150 குதிரைவலுவுடன் பிறந்த அதன் எஞ்சினைத் திருத்தி மேலும் வலுவூட்டுவோர், 180 மில்லிமீற்றர் விட்டமுள்ள பெரிய பற்சில்லைக் கொண்ட அதன் தொகுதியைக் கழற்றிவிட்டு, 200 மில்லிமீற்றர் விட்டமுள்ள பற்சில்லைக் கொண்ட பிந்திய தொகுதியைப் பொருத்துவர். எஞ்சின் வளர்ந்துவிட்டது, அச்சும் வளரவேண்டும் என்பது அவர்களின் நியாயம். அந்த நியாயத்துக்கு இடமேயில்லாத ஓர் ஊரிலும் பின்னச்சுகள் மாற்றப்பட்டன.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கார்களைப் பற்றி எழுதியோர் பலர். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் ஆகியவை நெடுங்காலம் அவ்வீதிகளில் ஓடியதைக் கண்டு வெளியூரார் வியந்ததுண்டு. அது வியப்புக்குரியதன்று. 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையிற் கார் இறக்குமதி இறுகியது. இருந்த காரைக் காப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. 1977இன் பின் தெற்கு ஜப்பானியக் கார்களுக்கு மாறிற்று. வடக்கு மாறத் தொடங்கிய வேளையிற் போர் வந்தது. 1990இன் பின்னர் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டன. பழமையின் மீது கொண்ட காதலால் எவரும் அக்கார்களை வைத்திருக்கவில்லை.

கோண்டாவிலில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் 1950களின் இறுதியிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் ஒன்று இருந்தது. தந்தை வாங்கியது. 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 37 குதிரைவலு. பின்னச்சில் 9 பற்களுக்கு 41 பற்கள், வகுத்தால் 4.56. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அக்காரின் பிந்திய வகைக்கு, 1962இல், 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் இடப்பட்டபோது பற்கணக்கு 9க்கு 38 ஆயிற்று, அதாவது 4.22. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் சிறிய விளையாட்டுக் காருக்கும் இதே 4.22தான். பெட்டி அளவில் ஒன்றாதலால் ஒன்றைக் கழற்றிய இடத்தில் மற்றதைப் பூட்டலாம். ஆசிரியர் இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தார். அறிந்தும், தொண்ணூறுகளில் அதைப்பற்றி நினைத்தும் பார்க்கவில்லை.

காரணம் மண்ணெண்ணெய். தடைக்காலத்தில் அவருடைய கார் ஊரிலுள்ள ஏனைய கார்களைப் போல மண்ணெண்ணெயில் ஓடிற்று. சிறு பிளாஸ்ரிக் குப்பியில் அரிதாகச் சேமித்த பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அது முற்றாக ஆவியாகாது. எஞ்சின் ஒயிலிற் கலந்து அதை நீர்க்கச் செய்யும். அமுக்கம் மிகுந்தால் எஞ்சின் 'தட்டும்'. அவருடைய காரைப் பார்த்துவந்த கராஜ்காரர், ஒருகாலத்தில் அவரிடமே கணிதம் படித்தவர், எஞ்சின் தலைப்பகுதியின் கீழ் ஒன்றுக்கு இரண்டாகக் கஸ்கெற் வைத்து அமுக்கத்தைக் குறைத்தார். தட்டுதல் நின்றது, வலுவும் போயிற்று. அந்த நிலையில் 4.56 என்னும் எண்தான் காரை அசைத்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒருசேரத் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது அந்தக் காரும் புறப்பட்டது. ஆசிரியர், மனைவி, இரு மகள்மார், தாயார், நடக்கமாட்டாத அயல்வீட்டு ஆச்சி. மேலே கூரையில் அரிசியும் பாயும். மழை பெய்துகொண்டிருந்தது. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் மனிதர் காலடி காலடியாக நகர்ந்தனர். கார் அவர்களுக்கிடையே முதலாம் கியரில் நகர்ந்தது. கராஜ்காரர் சாவிப்பெட்டியைக் கட்டிய சைக்கிளை உருட்டியவாறு அருகே நடந்தார். வயலில் நின்ற வெள்ளத்தைக் கையால் அள்ளி றேடியேற்றரில் ஊற்றினார். பத்துக் கிலோமீற்றர் தூரத்துக்கு மறுநாள் பிற்பகல்வரை சென்றது. கிளச் எரியவில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் ஊர் திரும்பியபோது காரும் திரும்பிற்று.

2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாயிற்று. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. பெற்றோல் வந்தது. கராஜ்காரர் இரட்டைக் கஸ்கெற்றை ஒற்றையாக்கினார். ஆசிரியரின் மூத்த மகள் கொழும்பில் இருந்தாள். ஏறத்தாழ 400 கிலோமீற்றர். முதற்பயணத்திலேயே காரின் அலறல் தாங்கமுடியாததாயிற்று. அப்போதுதான் 9க்கு 38 நினைவுக்கு வந்தது.

அது கிடைத்த இடம் கைவிடப்பட்ட ஒரு வளவு. எறிகணையிற் கூரை சரிந்த கொட்டிலுக்குள் 1960களின் மைனர் ஒன்று கிடந்தது. எஞ்சின் கட்டை வெடித்திருந்தது. தகரம் கறையானுக்குச் சமமாகிவிட்டிருந்தது. பின்னச்சுப் பெட்டிக்குள் மட்டும் ஒயில் வற்றாமல் இருந்தது. கனடாவிலிருந்த உரிமையாளரிடம் தொலைபேசியில் அனுமதி பெற்றபின்னரே ஆசிரியர் சாவி வைக்கவிட்டார்.

வேலை ஒரு பகலுக்குள் முடியக்கூடியதுதான். சில்லுகளையும் பிறேக் டிறம்களையும் கழற்றி, இருபுறத்து அக்சில்களையும் சற்று வெளியே இழுத்து, புறொப்பெலர் தண்டின் நான்கு ஆணிகளை அகற்றினால், சுற்றியுள்ள சுரைகளைக் கழற்றித் தொகுதியை முன்புறமாக வெளியே எடுத்துவிடலாம். இரு பற்சில்லுகளும் சோடியாக ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. ஒன்றைப் பிரித்து வேறொன்றுடன் சேர்த்தால் ஊளையிடும். முழுத்தொகுதியாகவே மாற்றுவதன் சிறப்பு அந்தச் சோடி பிரியாதிருப்பதே. கஸ்கெற்றுக்குக் கலண்டர் மட்டை போதும். விளிம்பில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அளவு தானே விழும்.

பூட்டுமுன் ஆசிரியர் இரண்டு தொகுதிகளையும் வாங்கிலில் வைத்துச் சோதித்தார். பெரிய பற்சில்லிற் சுண்ணக்கட்டியாற் கோடிட்டு, அது ஒருமுறை சுற்றிவரச் சிறியதை எத்தனை முறை திருப்பவேண்டும் என எண்ணினார். பழையதற்கு நாலரைச் சுற்றும் சொச்சமும்; புதியதற்கு நாலேகாலுக்குச் சற்றுக் குறைவு.

"மாஸ்ரர், இது கொழும்புக்குப் போற பல்லு. இடம்பெயர்ற பல்லு இல்லை" என்றார் கராஜ்காரர்.

"எட்டு வீத வித்தியாசம், தம்பி. எட்டு வீதத்திலையே அண்டைக்கு நாங்கள் தப்பினது?"

"எட்டு வீதத்துக்காகத்தானே இப்ப மாத்துறியள்."

கணிதப்படி ஆசிரியர் சொன்னதே சரி. 4.22 இருந்திருந்தாலும் அந்த இரவில் கார் நாவற்குழியைக் கடந்திருக்கவே கூடும். ஆயினும் மாணவனின் மறுமொழிக்கு அவரிடம் விடையில்லாமற் போயிற்று. பழைய தொகுதியை விற்காமல், கிறீஸ் பூசிச் சாக்கிற் சுற்றி வீட்டுக் களஞ்சிய அறையில் வைப்பது என்னும் நிபந்தனையோடு மாற்றம் நடந்தேறியது. நிபந்தனை விதித்தவர் ஆசிரியரின் மனைவி.

2003 ஆடியிற் பண்ணைத் தாம்போதியில் ஓட்டிப் பார்த்தனர். போகும்போது சோளகம் எதிர்த்தது. 37 குதிரைகளாற் காற்றை வெல்ல முடியவில்லை, மூன்றாம் கியருக்கு இறங்கவேண்டியதாயிற்று. திரும்பும்போது அதே காற்று முதுகிலிருந்து தள்ள, கார் முன்னொருபோதும் இல்லாத அமைதியோடு வந்தது. முன்பு 4,000 சுற்றுச் சுற்றிய இடத்தில் எஞ்சின் இப்போது 3,700தான் சுற்றிற்று. ஆசிரியர் முகத்தில் அன்று தோன்றிய மலர்ச்சி அவருடைய மாணவர் எவரும் வகுப்பிற் காணாதது.

ஒன்றை இருவருமே மறந்திருந்தனர். மைனரின் வேகமானி பின்னச்சிலிருந்தன்றிக் கியர்ப்பெட்டியிலிருந்தே இயங்குவது. அதற்குப் பல் மாறிய செய்தி தெரியாது. மானி 40 மைல் எனக் காட்டும்போது கார் 43 மைலில் ஓடும். வன்னிப் பகுதியில் வேகம் அளக்கும் கருவியுடன் நின்ற போக்குவரத்துக் காவலர் மறித்தபோது, ஆசிரியர் வகுத்தற் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினார். காவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தண்டப்பணச் சீட்டை எழுதினார்.

மூன்றாண்டுகள் அவ்வாறு சென்றன. 2006 ஓகஸ்ற் 11ஆம் திகதி முகமாலையிற் சமர் மூண்டது, பாதை மூடப்பட்டது. கப்பலில் வருவதையே குடாநாடு நம்பியிருக்கவேண்டியதாயிற்று. பெற்றோல் மீண்டும் அரும்பொருளாயிற்று. மார்கழி மாதத்தில் ஒருநாள் ஊரடங்கு தளர்ந்த நேரத்தில் ஆசிரியர் கராஜுக்குச் சென்றார். எதற்கு வந்தார் என்பதைச் சொல்லவில்லை. கராஜ்காரரும் கேட்கவில்லை, இரண்டு கஸ்கெற்றுகளை எடுத்து மேசையில் வைத்தார். களஞ்சிய அறையிலிருந்து 41 பற்களும் வந்தன. 38 பற்கள் அதே சாக்கிற் சுற்றப்பட்டு அதே மூலைக்குப் போயின. மறுபடியும் மானி உண்மை பேசத் தொடங்கியது. ஆனால் வேகமாகப் போவதற்கு இடமிருக்கவில்லை.

2009இன் பிற்பகுதியில் தொடங்கிப் பாதை சிறுகச் சிறுகத் திறந்தது. தெற்கிலிருந்து புதிய கார்களும் ஆட்டோக்களும் வந்து நிறைந்தன. பழைய மைனர்களின் உறுப்புகளைத் தேடி வாங்குவோரும் வந்தனர். ஒருவர் களஞ்சியத்திலிருந்த தொகுதிக்கு நல்ல விலை சொன்னார். ஆசிரியர் கொடுக்கவில்லை.

"மாத்துவமே, மாஸ்ரர்?" என்று கராஜ்காரர் அவ்வாண்டும் மறுவாண்டும் கேட்டார்.

"இருக்கட்டும். றோட்டு நிலைக்கட்டும், பாப்பம்."

இது பிடிவாதம் எனச் சிலர் கூறலாம். ஒருமுறை நம்பி மாற்றிய மனிதர் மறுமுறை மாற்றுவதற்கு முதன்முறையிலும் அதிக நம்பிக்கை வேண்டியிருக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பாதை நிலைத்தது, அவர் மாற்றவில்லை. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம்வரை வந்ததும் மகளிடம் றெயிலிலேயே போய்வரலானார். கார் கோவிலுக்கும் சந்தைக்கும் ஓடிற்று, 9க்கு 41 பற்களோடு.

உருளைத் தாங்கிகள் ஒரே நிலையிற் கிடந்தால் தொட்ட இடத்திலேயே துருப்பிடிக்கும். அதனால் ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு முந்திய நாள் கராஜ்காரர் வந்து சாக்கை அவிழ்ப்பார். அன்றிட்ட சுண்ணக்கோடு கிறீசுக்கு அடியில் மங்கலாக இன்னும் தெரியும். ஆசிரியர் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு எண்ணுவார்: நாலேகாலுக்குச் சற்றுக் குறைவு. பிறகு புதிய கிறீஸ் பூசி, சாக்கைக் கட்டி, மூலையில் வைப்பார்கள்.