பட்டா இருந்தால்தான் மானியம்

அயோத்தியாப்பட்டணத்தை உளுந்தூர்பேட்டை சாலையும் விருத்தாசலம் ரயில் பாதையும் தொட்டுச் செல்கின்றன. சேலம் கிழக்கே வளர வளர இங்கே காடு கழனி மனைப்பிரிவாகிறது. ஏக்கர் பேச்சு போய்ச் சதுர அடிப் பேச்சு வந்துவிட்டது. தறி ஓட்டுபவருக்கும் கொலுசுப் பட்டறைத் தொழிலாளிக்கும் வாரக் கூலிதான். சம்பளச் சீட்டு இல்லாமல் வங்கிக் கடன் கிடைப்பது அரிது.

பத்திரச் செலவு வேறு. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆனது. ஆனால் 2017இல் 33 சதவீதம் குறைக்கப்பட்ட வழிகாட்டி மதிப்பு அன்றே பழைய நிலைக்கு ஏறியது. முத்திரைத் தீர்வையும் சேர்த்தால், ஒரு லட்சம் மதிப்புள்ள மனைக்கு 7,370 ரூபாயாக இருந்த செலவு 9,000 ஆனது.

2015இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், சொந்த மனையில் கட்டிக்கொள்பவருக்கு மாநிலப் பங்கோடு 2.10 லட்சம் மானியம் இருந்தது, பட்டா அவசியம். மனையே வாங்க வழியில்லாதவர் இந்த மானியத்தில் விடுபடுவது பெரும் அநீதி. அவர்களில் பலருக்கு மிஞ்சுவது இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கான மனுவும் மாத வாடகையும்தான்.