பழைய நாதமும் புதிய நகலும்

மின் கிற்றாரின் இசையைக் கேட்போர், அதன் நாதம் முழுவதும் தந்தியிலேயே பிறக்கின்றதெனக் கருதுவர். உண்மை அஃதன்று. அத்தந்தி எழுப்பும் ஒலி, அருகிருப்போர் செவிக்கும் மெலிதாகவே எட்டும். அதனை வளர்த்து அரங்கை நிறைப்பது அம்பிளிபயர் என்னுங் கருவியேயாம். வீணைக்குக் குடம் எத்தகையதோ, மின் கிற்றாருக்கு அம்பிளிபயர் அத்தகையது. நாம் கிற்றார் மீட்டுங் கலைஞரல்லோம். கேட்டு மகிழ்வோருள் ஒருவரே. ஆயினும் இக்கருவியின் வரலாறு, கற்பவர் யாவரும் சிந்தித்தற்குரிய ஒரு கேள்வியை நம்முன் வைக்கின்றது.

கலிபோர்ணியாவில் லியோ பெண்டர் என்பார் 1950களில், பேஸ் கிற்றாருக்கென 'பேஸ்மன்' என்னும் அம்பிளிபயரைச் செய்து விற்றார். அதன் 1959ஆம் ஆண்டு வடிவத்தில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு இருந்தன. யாருக்கென அது செய்யப்பட்டதோ அவரிலும் பார்க்க ஏனைய கிற்றார்க் கலைஞரே அதனைப் பெரிதும் விரும்பினர். இலண்டனின் ஹன்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், 1962இல் தம் உதவியாளரைக் கொண்டு அதன் மின்சுற்றை அடியொற்றி ஓர் அம்பிளிபயரைச் செய்வித்தார். அமெரிக்கக் கருவிகள் அங்கு விலையுயர்ந்திருந்தமையின், இங்கிலாந்திற் கிடைத்த உறுப்புக்கள் பல அதில் இடம்பெற்றன. முதல் வால்வு கூடுதலாகப் பெருக்கும் வகையினதாயிற்று. 12 அங்குல செலஸ்ஷன் ஸ்பீக்கர்கள், பின்புறம் அடைத்த பெட்டியில் அமைந்தன. நகலாகப் பிறந்தது அசலினின்றும் விலகிற்று; அவ்விலகலே அதற்குத் தனிக்குரலை நல்கிற்று. ஜோன் மேயல் குழுவினருடன் எரிக் கிளப்டன் வாசித்து 1966இல் வெளிவந்த இசைத்தட்டில் அக்குரலை இன்றுங் கேட்கலாம்.

அக்குரலின் இரகசியம் யாதெனின், ஒரு குறையே என்க. தாங்கும் அளவுக்கு மேற்பட்ட மின்னலை வால்வினுட் புகும்போது அதன் உச்சி மழுங்கும். மழுங்கவே, மூலச் சுரத்தில் இல்லாத மேற்றொனிகள் பிறக்கும். பொறியியலார் திரிபு என விலக்க முயன்றதனைக் கலைஞர் அழகென ஏற்றனர். மெல்ல மீட்டினால் தெளிந்த நாதம். அழுந்த மீட்டினால் உறுமல். இவ்வாறு விரலுக்கு விடையளிப்பதே வால்வுக் கருவியின் பெருமை. ஆனால் உரத்து முழங்கினாலன்றி அப்பெருமை முற்றாக வெளிப்படாது. அதன் பாரமும் பெரிது. வால்வுகளும் காலத்தால் தேய்வன.

இக்குரலைக் கணக்கினால் ஆக்க முனைந்தனர் பின்வந்தோர். லைன் 6 என்னும் அமெரிக்க நிறுவனம் 1996இல் 'அக்சிஸ் 212' என்னும் இலக்கமுறை அம்பிளிபயரையும், 1998இல் 'பொட்' என்னுஞ் சிறு கருவியையும் வெளியிட்டது. தந்தியின் அசைவு ஒரு செக்கனில் 48,000 முறை போன்ற வேகத்தில் எண்ணாக மாற்றப்படும். வால்வு அதனை எவ்வாறு மழுக்குமோ அவ்வாறே கணினி கணித்து மீண்டும் ஒலியாக்கும். பழைய கருவியினுள் சோதனை ஒலிகளைச் செலுத்தி, வெளிவருவதைக் கேட்டு, அதன் இயல்பைத் தானே பதிந்துகொள்ளும் கெம்பர் கருவி 2011இல் தோன்றியது. பெண்டர் நிறுவனமே 2019இல் தன் பழைய 'ட்வின் றிவேப்' அம்பிளிபயருக்கு இலக்கமுறை நகல் செய்தது. வால்வுக் கருவி ஏறத்தாழ 64 இறாத்தல். நகல் ஏறத்தாழ 33 இறாத்தல்.

நண்பர் ஒருவர் இல்லத்தில் இருவகைக் கருவியையும் அடுத்தடுத்து வாசிக்கச் செய்து, கண்களை மூடிக் கேட்டோம். எது எதுவென நம்மாற் பிரித்தறிய இயலவில்லை. வாசித்த இளைஞரோ, வால்வுக் கருவி தம் விரலைச் சற்று வேறாக உணர்ந்ததென்றார். கேட்பவர்க்கு இல்லாத வேற்றுமை மீட்டுபவர்க்கு இருக்கலாம் போலும்.

நகலை இகழ்தல் நம் கருத்தன்று. பெருவிலை கொடுக்க இயலாத மாணவனும், சிறு அறையில், நள்ளிரவில், அயலார் உறக்கங் கெடாது செவிக்கருவி அணிந்து அந்நாதத்திற் பயிலலாம். இது சிறு நன்மையன்று. நம் ஐயம் வேறு. மார்ஷல் செய்த நகல் பிறழ்ந்தமையாலன்றோ புதுக்குரல் பிறந்தது? பிறழாத நகலிலிருந்து யாது பிறக்கும்? இற்றைக் கருவியின் குமிழைத் திருப்பினால் பழைய பெயர்களின் நாதம் ஒவ்வொன்றாய் வருகின்றது. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஆனவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பதோடு பலர் அமைந்துவிடுகின்றனர்.

இதற்கு விடை கருவியில் இல்லை, கையாள்பவரிடமே உண்டு. ஆசிரியர் எழுத்தைப் பார்த்தெழுதியே நாமெல்லாம் கையெழுத்துப் பழகினோம். எனினும் ஒருவர் கையெழுத்தும் மற்றவர் கையெழுத்தைப் போல் அமையவில்லை. மாணவ நண்பர்கள் பழைய நாதத்தைப் பிழையறப் பயில்க. பயின்றபின், அக்குமிழைப் பெயரிடப்படாத இடத்திலும் ஒருமுறை நிறுத்திக் கேட்க.