அசையாமல் நிற்கும் வித்தை

ஆகாய விமானத்துக்கு ஓட்டந்தான் உயிர். முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும் வரையில் இறக்கைகள் அதைத் தாங்கும். ஹெலிகாப்டரின் பெருமையோ ஓடாமல் நிற்பதில் இருக்கிறது. பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாத அந்தரத்தில், ஒரு தென்னை உயரத்தில், அது அப்படியே நிற்கவேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது சும்மா நிற்பதாகத் தோன்றும். ஓட்டுகிறவருடைய இரண்டு கைகளுக்கும் இரண்டு கால்களுக்கும் ஒரு கணங்கூட ஓய்வில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். சங்கரன்கோவில் ஆடித் தபசைத் தரிசித்த நேயர்களுக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. கோமதியம்மன் ஒற்றைக்காலில் அசையாமல் நின்றதைத்தானே நம் பெரியவர்கள் தவம் என்றார்கள்?

இந்தத் தவத்தை வீட்டு மேஜையின்மேல் பழகுவதற்கு எந்தக் கருவி ஏற்றது என்ற கேள்வி, சில மாதங்களுக்கு முன் கரிவலம்வந்தநல்லூரில் நம்மைத் தேடி வந்தது.

நம் தங்கையின் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான். அரக்கோணத்தில் 1992-ஆம் வருஷம் தொடங்கப்பட்ட ராஜாளி கடற்படைத் தளத்தில் ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கிறார்கள் என்று அறிந்த நாள்முதல் அவனுக்கு வேறு நினைவில்லை. அவன் தமையன் சென்னையில் உத்தியோகம் பார்த்து வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில், நிஜமாகப் பறப்பதுபோலவே காட்டும் சிமுலேட்டர் ஒன்றும் இருக்கிறது. ஆனால் விசைப்பலகையின் பொத்தான்களைத் தட்டி ஹெலிகாப்டர் ஓட்டுவது, கிட்டியால் சோறு உண்பதைப் போன்றது. எழும்பின அரை நிமிஷத்தில் தலைகுப்புற விழுந்துவிடும். ஆகவே ஒரு ஜாய்ஸ்டிக் வேண்டும் என்றான் பையன்.

பிச்சிப் பூவைச் சங்கரன்கோவில் சந்தைக்கு அனுப்பி, அதில் சிறுகச் சிறுகச் சேர்த்த பதினைந்தாயிரம் ரூபாய் நம் தங்கையிடம் இருந்தது. "விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு பணமா?" என்று அவள் புருஷர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கையோ நம்மிடம், "அண்ணே, பணம் போறதைப் பத்திக் கவலையில்லே. உதவாத சாமானை வாங்கி அது மூலையிலே கிடந்தா, பையன் ஆசையும் மூலையிலே கிடந்திடும்" என்றாள். இதைவிடச் சரியாக அந்த விஷயத்தை யாரும் சொல்லியிருக்க முடியாது.

முதலில் "விளையாட்டுச் சாமான்" என்ற ஆட்சேபத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தம் தகப்பனார் நடத்திய வாத்தியத் தொழிற்சாலையின் துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டு 1929-ஆம் வருஷம் ஒரு பாவனை விமானம் செய்தார். தரையில் நின்றபடியே அது சாய்ந்தது; திரும்பியது. ஆரம்பத்தில் அதைக் கேளிக்கைச் சந்தைகளில் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போதோ, எண்ணிறந்த விமானிகள் அதில் உட்கார்ந்துதான் மேகத்தினுள்ளும் இருளிலும் கருவிகளைப் பார்த்து ஓட்டக் கற்றார்கள். இதில் ஒன்றை மட்டும் மறைக்கலாகாது. வீட்டு மேஜையில் எத்தனை மணி நேரம் பறந்தாலும் விமானி உரிமத்துக்கு அது கணக்கில் சேராது. உடம்பு குலுங்குவதையும், வயிறு தூக்கிப் போடுவதையும் மேஜை கற்றுத் தராது. கை, கால், கண் மூன்றையும் ஒத்துப்போகச் செய்யும் பழக்கத்தை மட்டும் அது தரும். அதுவே சிறு லாபமல்ல.

நிற்க. ஹெலிகாப்டரின் வலக் கைக்குரிய கோல், தலைக்குமேல் சுழலும் விசிறியைச் சாய்த்து, வேண்டிய திசைக்கு இழுத்துச் செல்லும். இடக் கைக்குரிய நெம்புகோலை மேலே தூக்கினால் எல்லா அலகுகளும் ஒருசேரக் கோணம் மாறி யந்திரம் எழும்பும். கால்மிதிகள் வால் விசிறியை ஆள்கின்றன. இவற்றில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கெடும். நெம்புகோலைத் தூக்கினால் மூக்கு ஒரு பக்கம் திரும்பும்; அதைக் காலால் தடுத்தால் உடல் பக்கவாட்டில் நகரும்; அதைக் கோலால் தடுக்கவேண்டும். அமெரிக்க பெல் ஹெலிகாப்டருக்கு எந்தக் காலை அழுத்தவேண்டுமோ, விசிறி எதிர்ப்புறமாகச் சுழலும் பிரெஞ்சுக் காப்ரிக்கு அதற்கு மற்றக் காலை அழுத்தவேண்டும்!

இப்பொழுது கடைச் சரக்குக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும் ஜாய்ஸ்டிக்குகள் பெரும்பாலும் ஆகாய விமானத்தையும் ஆகாய யுத்த விளையாட்டுக்களையும் உத்தேசித்துச் செய்தவை. கையை எடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கோலை நடுவுக்கு இழுத்துவிடும். ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்கும்போது கோல் நடுவில் இருப்பதே அபூர்வம். சற்று இப்படியோ அப்படியோ சாய்ந்தே இருக்கவேண்டும். ஸ்பிரிங் வலுவாக இருந்தால் பையன் ஹெலிகாப்டரை ஓட்டமாட்டான். ஸ்பிரிங்கோடு மல்லுக்கு நிற்பான். ஆகவே வாங்குகிறவர் முதலில் செய்யவேண்டிய பரீட்சை இது: கோலை நடுவிலிருந்து ஒரு நெல்மணி அளவு நகர்த்திப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனால் நல்லது. முதலில் அடம்பிடித்துப் பிறகு திடீரென்று துள்ளினால், மினுக்கும் விளக்குகள் எத்தனை இருந்தாலும் அது வேண்டாம்.

இரண்டாவது, உள்ளே அசைவை அளக்கும் உறுப்பு. மலிவான கருவிகளில் அது உராய்ந்து அளக்கும்; நாளாவட்டத்தில் தேய்ந்து, கோல் சும்மா இருக்கும்போதே யந்திரம் நடுங்கும். காந்தத்தைக் கொண்டு தொடாமல் அளக்கும் கருவியில் இந்த உபத்திரவம் இல்லை. நமக்கு இதுவே முக்கியமாகப் பட்டது. ஏனெனில் ஹெலிகாப்டர்க்காரன் விடாமல் அசைத்துக்கொண்டே இருப்பது, அதிகம் தேயும் அந்த நடுப்பகுதியைத்தான்.

மூன்றாவது, கால்கள். தனியாகக் கால்மிதி வாங்குவதே உத்தமம். பணம் போதாவிட்டால், பிடியையே முறுக்கி மூக்கைத் திருப்பும் ஜாய்ஸ்டிக்காவது வேண்டும். நான்காவது, இடக் கைக்கு ஒரு நெம்புகோல். சிறிய ஜாய்ஸ்டிக்குகளின் அடிப்பாகத்தில் இருக்கும் வேக நெம்பே இதற்குப் போதும். ஆனால் விமானத்தில் அதை முன்னே தள்ளினால் வேகம் கூடும். ஹெலிகாப்டரிலோ தன் பக்கம் இழுத்துத் தூக்கினால்தான் எழும்பும். ஆதலால் சிமுலேட்டரில் அதன் திசையைத் தலைகீழாக மாற்றி வைத்துக்கொள்ளவேண்டும்.

திருநெல்வேலியிலும் மதுரையிலும் சிநேகிதர்கள் வீட்டில் சிலவற்றைப் பிடித்துப் பார்த்தோம். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ மலிவு. முறுக்கும் பிடியும் உண்டு. ஆனால் உராய்ந்து அளப்பது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000.எம். காந்தத்தால் அளக்கிறது, பிடியும் முறுக்கும், இடக் கைக்காரரும் பிடிக்கலாம். வி.கே.பி. கிளாடியேட்டரில் ஸ்பிரிங்கை மாற்றவும் உராய்வைத் திருகிக் கூட்டவும் வசதி இருப்பதால், விட்ட இடத்தில் கோல் ஏறக்குறைய நிற்கும்படி செய்யலாம். விலைதான் சற்று மேலே. மோட்டாரால் கைக்கு எதிர்விசை தரும் கருவிகள் எல்லாவற்றுக்கும் மேலானவை. நம் போன்ற குடும்பங்கள் அவற்றைப் படத்தில் பார்த்துச் சந்தோஷப்படலாம்.

முடிவில் த்ரஸ்ட்மாஸ்டரையே வாங்கினோம். கிளாடியேட்டரை வாங்கினால் தங்கையின் பணம் அதிலேயே கரைந்துபோம். இதிலோ பாதிக்குச் சற்று மேல்தான் செலவு. மீதி கால்மிதிக்கு முதலாக இருக்கிறது. ஹெலிகாப்டரில் ஒரு உயர்ந்த கையைவிட, சுமாரான கையும் சுமாரான காலுமே மேல் என்பது நமது அபிப்பிராயம். நடுவில் கோலின் அசைவு பலிக்காத இடைவெளி ஒன்றைச் சில சிமுலேட்டர்கள் தாமாகவே வைத்துவிடும். அதைச் சூனியமாக்கிவிட்டு, முழங்கையைத் தொடைமேல் ஊன்றி, விரல் நுனியால் பிடிக்கச் சொன்னோம்.

முதல் வாரம் முழுவதும் விழுந்தான். இரண்டாவது வாரம், "மாமா, நான் ரொம்ப அசைக்கிறேன். அதனாலேதான் அது அலையுது" என்று அவனே சொன்னான். அப்போதே பாதி வித்தை வந்துவிட்டது என்று நாம் தீர்மானித்தோம். மூன்றாவது வாரம், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அமைத்த நம் ஊரின்மேல், பால்வண்ணநாதர் கோயிலுக்குக் கிழக்கே, முழுசாக ஒரு நிமிஷம் நிறுத்திக் காட்டினான். திண்ணையில் பத்திரிகை படிப்பதுபோல் இருந்த தகப்பனார் மெதுவாக உள்ளே வந்தார். "நம்ம பிச்சித் தோட்டம் தெரியுதா, பாரு" என்றார். பையன் மிக மெல்ல மேற்கே திருப்பினான்.

கால்மிதிக்கு இன்னும் நாலாயிரம் ரூபாய் குறைகிறது. அடுத்த முகூர்த்தக் காலத்துப் பூவுக்கு நல்ல விலை வந்தால், அதைத் தாமே போட்டுவிடுவதாகத் தகப்பனார் சொல்லியிருக்கிறார்.