புகைபோக்கி நின்ற இடத்தில்

நான் கல்யாணமாகி 2001-ல் மும்பை பரேலுக்கு வந்தபோது, ஜன்னலைத் திறந்தால் ஒரு மில்லின் புகைபோக்கி தெரியும். ஆனால் புகை வராது. மில் மூடி வருஷக்கணக்காகியிருந்தது. இன்று அங்கே கண்ணாடிக் கட்டடம். அதில்தான் என் மகளுக்கு வேலை!

எதிர் வீட்டு மராத்தி அம்மாளை நான் மாவுஷி என்று கூப்பிடுவேன். சித்தி என்று அர்த்தம். எழுபதைத் தாண்டியவர். அவர் வீட்டுக்காரர் அதே மில்லில் தறி ஓட்டியவர். மாவுஷியும் சும்மா இருக்கவில்லை. குடும்பத்தைக் கொங்கண், சாத்தாரா கிராமங்களில் விட்டுவிட்டு வந்த பதினைந்து தொழிலாளிகளுக்கு இரண்டு வேளையும் பாக்ரியும் பருப்பும் சமைத்துப் போட்டார். இதற்குக் 'கானாவல்' என்று பெயர். இந்த மில் பேட்டை முழுக்க இப்படி எத்தனையோ பெண்கள்! இவர்களுக்கு வங்கிக் கடன் வாங்கித் தரத்தான் பிரேமா புராவ் 1975-ல் அன்னபூர்ணா மகளிர் மண்டலை ஆரம்பித்தார்.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல மில்கள் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

"சாப்பிட வந்தவங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. பாக்கியும் வரலே. என் தங்க வளையல் அப்போ போனதுதான்" என்பார் மாவுஷி.

மில்கள் போனாலும் நிலம் இருந்ததே, நகரத்தின் நடுவில் சுமார் 600 ஏக்கர்! 1991-ல் அரசு ஒரு விதி போட்டது. மில் நிலத்தை மாற்றிக் கட்டினால் ஒரு பங்கு மைதானம், பூங்காவுக்கு. ஒரு பங்கு ஏழை எளியவர் வீட்டுக்கு. ஒரு பங்கு மில்காரருக்கு. நல்ல ஏற்பாடுதானே? 2001-ல் அதைத் திருத்தினார்கள். கட்டடம் நின்ற இடம் கணக்கில் வராது, காலி இடத்தை மட்டும் பங்கு பிரித்தால் போதும் என்று! மில் என்றாலே பாதி நிலத்துக்கு மேல் கட்டடம்தான். ஊருக்கு வரவேண்டிய பங்கு சுருங்கிப் போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2006-ல் திருத்தமே நிலைத்தது.

இதனால் ஊருக்கு நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1905-ல் தொடங்கிய பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று பெரிய மால். லோயர் பரேல் முழுக்க ஆபீஸ்கள். என் மகள் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டுக் கடன் அடைகிறது. ஆனால் மாவுஷியின் மருமகளுக்கு ஒரு மாலில் தரை துடைக்கும் வேலை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை. தறி ஓட்டியவர் பேரனுக்காவது ஏதாவது கைத்தொழில் சொல்லித் தர வேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது. ஆபீஸ்கள் வளர்ந்த வேகத்தில் நடைபாதை வளரவில்லை. 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனின் குறுகலான பாலத்தில் நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். என் கணவர் தினமும் போய்வந்த பாலம் அது. போனில் அவர் குரலைக் கேட்கும்வரை என் கை நடுக்கம் நிற்கவில்லை. அதே வருஷம் டிசம்பர் 29-ல் கமலா மில் வளாகத்து மாடி ஓட்டலில் தீப்பிடித்து 14 பேர் போனார்கள். அன்று முதல் என் மகளுக்கு ஒரே உபதேசம்தான்: "எந்த மாடிக்குப் போனாலும் முதலில் இறங்கும் படி எங்கே என்று பார்த்து வை!"

நம் பக்கமும் சென்னை பெரம்பூரில் பின்னி மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. உங்கள் ஊரில் பழைய மில்லோ, மார்க்கெட்டோ இடிபடும்போது, "எத்தனை மாடி?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். குழந்தைகள் ஓடியாட இடம் எங்கே, ஆபத்துக்கு ஓடிவர வழி எங்கே, அங்கே உழைத்த குடும்பத்துக்குப் பங்கு எங்கே என்றும் கேளுங்கள். வீட்டுக் கணக்குப் பார்க்கிற நமக்கு ஊர்க் கணக்குப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை.