பாலம் வந்துடுச்சா தம்பி?

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வருஷக் கடைசி வந்தால் கை பரபரக்கும். எதையாவது கூட்டிக் கழித்து, அடியில் இரண்டு கோடு போட்டு, 'டாலி' ஆகிறதா என்று பார்த்தால்தான் தூக்கம் வரும். ஆபீஸ் நாற்காலி பிடிக்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிற என்னையும் அந்த வியாதி விடவில்லை.

2025-ம் வருஷக் கணக்கை டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து எழுதினேன். கல்யாணம் 23. காதுகுத்து 4. பத்திரிகைகளுக்காகச் சுற்றிய ஊர்கள் 11. மொத்தம் எடுத்த படங்கள், கம்ப்யூட்டர் சொன்ன கணக்குப்படி, 61,408.

சரி, இதில் என் குடும்பத்தாரின் படங்கள் எத்தனை?

தேடோ தேடென்று தேடியதில் 14 கிடைத்தது. அதிலும் 8, மகளின் ஸ்கூல் ஐடி கார்டுக்காக வீட்டுச் சுவரோரம் நிற்க வைத்து எடுத்த பாஸ்போர்ட் சைஸ்!

மீதி ஆறில் ஒன்று, அம்மாவின் படம். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

★

மதுரைக்காரனுக்கு வருஷமே பொங்கலில்தான் பிறக்கும். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். மூன்று ஊர் வாடிவாசலுக்கும் விடியற்காலையிலேயே போய் இடம் பிடித்தேன். மூன்றாம் நாள் பலன் கிடைத்தது. கறுப்புக் காளை ஒன்று, நாலு காலும் தரையில் படாமல், அந்தரத்தில்! கேமராவுக்குள் அதைப் பார்த்ததும் நானே ஒரு துள்ளு துள்ளினேன்.

படம் ஒரு வார இதழில் முழுப்பக்கம் வந்தது. நேராக அம்மாவிடம் கொண்டு போனேன். அம்மா அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். அப்புறம் கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாருக்குப்பா. என்னா கூட்டம்!"

பெற்ற தாயே பாராட்டிவிட்டாள். எனக்குக் கால் தரையில் இல்லை. அந்தக் காளை மாதிரியே.

சித்திரையும் வைகாசியும் கல்யாண மண்டபங்களில் கழிந்தன. இப்போதெல்லாம் 'கேண்டிட்' என்று ஒன்று வந்திருக்கிறது. அதாவது, மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோகிராபர் இருப்பதே தெரியாமல் இயல்பாகச் சிரிக்க வேண்டும். அந்த இயல்பு வருவதற்காக அவர்களை நாற்பது நிமிஷம் வெயிலில் நிறுத்தி, "சார், கொஞ்சம் இயல்பா இருங்க" என்று நான் கத்த வேண்டும். மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் உங்களை மாதிரி ஆபீஸ்காரர்கள். 'லீவ் மூணு நாள்தான் சார் சாங்ஷன் ஆச்சு' என்கிற கவலை அவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கும். அதை அழிக்க எந்த சாஃப்ட்வேரும் கிடையாது.

பாக்கித் தொகை கேட்டால், "ஆல்பம் வரட்டும்ணே" என்பார்கள். ஆல்பம் கொடுத்தால், "வீடியோ வரட்டும்ணே". வீடியோவும் கொடுத்து முடிக்கும்போது வளைகாப்புக்கே ஆர்டர் வந்துவிடும்.

★

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகலாம் என்றாள் அம்மா. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும். எனக்கும் ஒரு பத்திரிகைக்குப் புதுப் பாம்பன் பாலம் தேவைப்பட்டது. ஒரே டிக்கெட்டில் இரண்டு காரியம்! காமர்ஸ் மூளை கணக்குப் போட்டது. மதுரையிலிருந்து ரயிலில் கிளம்பினோம்.

அந்தப் பாலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1914-ல் திறந்த பழைய பாலத்தில், கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து, இரண்டு கைகளையும் தூக்குகிற மாதிரி மேலே போகும். ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்த காலமெல்லாம் உண்டு. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்த புதுப் பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தாக ஏறி இறங்குகிறது. மண்டபம் தாண்டியதும் பெட்டியில் இருந்த மொத்த ஜனமும் வாசலுக்கும் ஜன்னலுக்கும் பாய்ந்தது. இரண்டு பக்கமும் கடல். பக்கத்தில் பழைய பாலம், ரிடையர் ஆன பெரியவர் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

நான் வாசலில் தொங்கிக்கொண்டு சுட்டுத் தள்ளினேன். நடுக்கடலில் ரயில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, ஜன்னலோரம் இருந்த அம்மா குரல் கொடுத்தாள்.

"பாலம் வந்துடுச்சா தம்பி?"

"பாலத்து மேலதாம்மா போய்க்கிட்டு இருக்கோம்! தூங்கிட்டியா?"

"ஆமாப்பா... கண்ணு அசந்துட்டேன்."

நம்பினேன்.

மறுநாள் விடிகாலை அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம். பிறகு கோயில். உள்ளே கேமராவுக்கும் செல்போனுக்கும் அனுமதி இல்லை என்பதால், பல மாதங்களுக்குப் பிறகு என் இரண்டு கையும் சும்மா இருந்தன. அந்த நீளமான பிராகாரத்தில் அம்மா ஒவ்வொரு தூணையும் தொட்டுத் தொட்டு நடந்தாள். என்ன பக்தி என்று நினைத்துக்கொண்டேன். சும்மா இருந்த கையால் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றவே இல்லை.

மத்தியானம் தனுஷ்கோடி. ஒரு காலத்தில் எழும்பூரில் டிக்கெட் எடுத்தால், ரயிலில் தனுஷ்கோடி வந்து, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பில் இறங்கலாம். தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், சர்ச் என்று சகலமும் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி அடித்த புயலில் எல்லாம் போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் அலை கொண்டு போய்விட்டது. மிச்சம் நிற்பது சர்ச்சின் சுவர்களும், அங்கங்கே சில கட்டடங்களின் எலும்பும்தான். 2017-ல் ரோடு போட்ட பிறகு அரிச்சல்முனை வரைக்கும் பஸ் போகிறது. ஒரு பக்கம் அமைதியாகக் கிடக்கும் கடலைப் பெண்கடல் என்கிறார்கள். மறுபக்கம் எகிறுவது ஆண்கடல். (கல்யாணமானவர்கள் இந்தப் பெயர்ப் பொருத்தத்தில் சந்தேகம் கிளப்பலாம். நான் கிளப்பவில்லை.)

அந்த சர்ச்சுக்கு முன்னால் அம்மாவை நிறுத்தினேன். உச்சி வெயில். மணல், ஆகாயம், இடிந்த சுவர் எல்லாம் ஒரே வெள்ளை.

"அம்மா, என்னைப் பாக்காதே. சர்ச்சைத் திரும்பிப் பாரு!"

அம்மா திரும்பினாள். 'க்ளிக்'. கேமராவின் குட்டித் திரையில் பார்த்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தது சர்ச்சை இல்லை. அதற்கு இருபதடி தள்ளி, சும்மா கிடந்த மணலை.

"சர்ச் இந்தப் பக்கம்மா."

"அங்கிட்டா?" என்று இன்னும் கொஞ்சம் திரும்பினாள். அப்போதும் சர்ச் இல்லை.

கேமராவைக் கீழே இறக்கினேன்.

"அம்மா... இது எத்தனை விரலு?"

அம்மா சிரித்தாள். பிள்ளைகள் தப்பு செய்து மாட்டிக்கொண்டால் சிரிக்குமே, அந்தச் சிரிப்பு.

"ரெண்டு வருஷமாவே புகை மூட்டமாத்தான்ப்பா இருக்கு. நீ ஊரு ஊரா ஓடிக்கிட்டு இருக்கே. தவணை வேற கட்டுறே. இதுல இதை வேற எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னுதான்..."

"அப்ப... அந்தக் காளை படம்?"

"கருப்பா என்னமோ தெரிஞ்சுச்சு. நீ எடுத்தா நல்லாத்தானே இருக்கும்?"

ஆண்கடல் சத்தம் மட்டும் கேட்டது.

பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவன் நான். நூறு அடிக்கு அப்பால் மாப்பிள்ளையின் மாமா முகம் சுளித்தால் கண்டுபிடித்துவிடுவேன். சாம்பாரில் அம்மா இரண்டு தடவை உப்பு போட்டதும், என் பத்திரிகையைப் பேத்தியைவிட்டுப் படிக்கச் சொன்னதும், பூ கட்டுவதை நிறுத்தியதும் எதிரிலேயே நடந்திருக்கின்றன. ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. கண் மங்கியது யாருக்கு, நீங்களே சொல்லுங்கள்!

★

ஆகஸ்டில் ஒரு கண், செப்டம்பரில் இன்னொரு கண் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் எனக்குப் புரிகிற பாஷையிலேயே சொன்னார்: "உள்ளே இருக்கிற லென்ஸ் மங்கிப் போச்சு. எடுத்துட்டுப் புதுசு வைக்கிறோம். அவ்வளவுதான்." கால் மணி நேரம்தான் ஆனது. உள்ளே வைத்த லென்ஸின் குறுக்களவு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். என் பெரிய லென்ஸ் இரண்டு கிலோ. அதற்கு 18 மாதத் தவணை, ரெயின்கோட், தனிப் பை, மாதம் ஒரு தடவை துடைப்பு என்று ராஜ மரியாதை. அம்மாவின் லென்ஸை இரண்டு வருஷமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

கட்டுப் பிரித்த மறுநாள் வீட்டில் ரகளை.

"இந்தச் சேலை நீலமா? பச்சைன்னுல்ல நெனைச்சுக் கட்டிக்கிட்டு இருந்தேன்!"

கண்புரை வந்தால் லென்ஸ் பழுப்பேறி நீலத்தை விழுங்கிவிடும். எங்கள் தொழிலில் இதை 'ஒயிட் பேலன்ஸ் அவுட்' என்போம். அம்மாவுக்கு அது சரியாகிவிட்டது. அடுத்து நிமிர்ந்து பார்த்தாள். "ஏத்தா, வீட்ல இம்புட்டு ஒட்டடையா?" என் மனைவி என்னை முறைத்தாள். கடைசியில் என் முறை வந்தது. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.

"என்னடா... காதோரம் இப்பிடி நரைச்சுப் போச்சு?"

முப்பத்தெட்டு வயசு நரையை அம்மா அன்றைக்குத்தான் பார்த்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அக்டோபரில் குலசேகரப்பட்டினம் தசரா. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி, குறத்தி, கரடி, பிச்சைக்காரர் என்று வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி வருவார்கள். போலீஸ் வேஷமும் உண்டு. கூட்டத்தில் ஒரு போலீஸ் என்னைப் பார்த்து, "வண்டியை ஓரமா நிப்பாட்டு" என்றது. நான் பரவசமாக, "சூப்பர் மேக்கப்ண்ணே!" என்று நாலு ஸ்டில் எடுத்தேன். அசல் போலீஸ்!

அந்த நேரம் பார்த்து வீட்டில் மகளுக்கு முதல் பல் விழுந்தது. போனில் சொன்னாள்: "அப்பா, பல்லு ஆடுறதை அப்பத்தாதான் ஃபர்ஸ்ட் பாத்தாங்க!" பல்லைக் கூரையில் எறிந்ததையும் நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்கவும் அப்பத்தாதான் இருந்தாள். இந்தத் தடவை நன்றாகவே பார்த்தாள்.

★

டிசம்பரில் ஒரு பறவைக் கட்டுரைக்குப் படம் கேட்டார்கள். இந்தத் தடவை தனியாகப் போகவில்லை. அம்மா, மனைவி, மகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டேன். மதுரையிலிருந்து மேலூர் தாண்டி, திருப்பத்தூர் ரோட்டில் சுமார் ஐம்பது கிலோமீட்டர். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி. 1977-லிருந்து இங்குள்ள கண்மாய்கள் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் ஆகிவிட்டன. ஆனால், சர்க்கார் போர்டு வைப்பதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். தீபாவளிக்கு இங்கே வெடி கிடையாது. குஞ்சுகள் பயந்துவிடுமாம்! கேட்ட என் மகள், "தீபாவளிக்கு மட்டும் இங்க வரவேண்டாம்ப்பா" என்று முன்ஜாமீன் வாங்கிக்கொண்டாள்.

கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்கள் முழுக்க நத்தைக்குத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா, பாம்புத்தாரா. நான் இரண்டு கிலோ லென்ஸை மாட்டிக் குறி பார்த்தேன்.

"தம்பி, அந்த மூணாவது மரத்துல, கீழ் கிளையில ஒரு குஞ்சு தனியா உக்காந்திருக்கு பாரு. தாய் வரலை போல."

"அங்க ஒண்ணும் இல்லைம்மா."

"நல்லாப் பாருடா."

பார்த்தேன். இருந்தது. எடுத்தேன். பத்திரிகையில் அதைத்தான் போட்டார்கள்.

திரும்பி வரும் வழியில் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். என் பழைய பத்திரிகைகளையெல்லாம் எடுத்து வைத்து மறுபடி பார்த்தாளாம்.

"அந்தக் காளை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓரத்துல ஒரு பய விழுந்து கிடக்கானே, அவனை யாருப்பா தூக்கிவிட்டா?"

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலையில், தேங்காய் நாரில் குப்புறக் கிடக்கிறான் ஒரு பையன். ஒரு வருஷமாக அது என் படம். ஒரு தடவைகூட அவனை நான் பார்த்ததில்லை.

இவ்வளவுதான் என் வருஷக் கணக்கு. 61,408 படத்தில் எனக்கு மிஞ்சியது, தனுஷ்கோடியில் அம்மா வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த ஒன்று. எந்தப் பத்திரிகைக்கும் கொடுக்கவில்லை. மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். கணக்கு டாலி ஆகவில்லை. ஆகாமலே புது வருஷத்துக்குக் கொண்டு போகிறேன்.

நோட்டை மூடப் போகும்போது அம்மா வந்தாள்.

"மறுபடி ராமேஸ்வரம் எப்பப்பா?"

"இப்பத்தானேம்மா போய்ட்டு வந்தோம்?"

"நீ போய்ட்டு வந்தே. நான் எங்க பாலத்தைப் பாத்தேன்?"

இரண்டு ஜன்னல் சீட்டாகக் கேட்டிருக்கிறேன்.