சாவி என் கையில்

பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றால் பந்தும் தொலைக்காட்சியும்தான் என்றிருந்தேன். என் மூத்த மகனுக்கோ, 24இல் ஒரு பங்கு அளவில் பழைய கார்களின் மாதிரிகளைப் பொருத்துவதில்தான் ஆசை. அவற்றின் பம்பர் மின்ன, 30 மில்லிலீட்டர் போத்தலில் ஒரு குரோம் பூச்சு வாங்குவான்.

முதலில் பளபளக்கும் கறுப்பு அடிப்பான். அது நன்றாகக் காய்ந்த பிறகே, எயர்பிரஷ்ஷால் பனி படிவதுபோல மெல்லியதாகக் குரோம். கூடினால் கண்ணாடி மினுக்கம் போய்ச் சாம்பல் நிறமாகிவிடும். விரல் பட்டாலும் மங்கும். பாடப் புத்தகத்தின் முன் காணாத பொறுமையை அங்கேதான் கண்டேன்.

ஆனால் சகோதரிகளே, அந்தப் பூச்சு எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி மூச்சுக்கும் கேடு. குசினிப் பக்கம் அடிக்க விடுவதில்லை. யன்னல்கள் திறந்திருக்க வேண்டும். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. அதற்கென்றே வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும்.

வேலை முடிந்ததும் போத்தலின் வாயைத் துடைத்து, இறுக மூடி, வெயிலும் சூடும் படாத அலுமாரியில் நிமிர்த்தி வைக்கிறோம். அடியில் தங்கும் தூள் கலக்க, அடுத்த முறை நன்றாகக் குலுக்கினால் போதும். மிஞ்சிய தின்னரைச் சோடாப் போத்தலில் ஊற்றவே கூடாது. தாகத்தில் வரும் பிள்ளைக்கு என்ன தெரியும்? என் சின்ன மகளுக்கு அந்தக் குரோம் போத்தலும் கியூடெக்ஸ்தான்.

மகனின் ஆசைக்கு நான் குறுக்கே நிற்பதில்லை. அலுமாரிச் சாவியை மட்டும் என்னிடமே வைத்திருக்கிறேன்.