மகசூல் என்னும் சொல்

அரபு அகராதியில் ஒரு சொல்லைத் தேடுபவர் முதலில் அதன் வேரெழுத்துகளைப் பிரித்தறிய வேண்டும். பெரும்பாலும் மூன்று மெய்கள். அவற்றினூடே உயிர்கள் புகுந்து ஒரு சொற்குடும்பமே விரியும். ஹா, ஸாத், லாம் அப்படியொரு வேர். 'ஹஸல' என்றால் கிடைத்தது, நிகழ்ந்தது. நடுவெழுத்து இரட்டித்த 'ஹஸ்ஸல'வுக்கு, வைக்கோலிலிருந்து கோதுமையையும் சுரங்கக் கல்லிலிருந்து பொன்னையும் பிரித்தெடுத்தல் என்று ராகிப் அல்-இஸ்பஹானி தம் குர்ஆன் சொல்லகராதியில் விளக்கம் தருகிறார். நெஞ்சங்களில் உள்ளவை வெளிக்கொணரப்படும் நாளைக் குறிக்கக் குர்ஆனின் நூறாம் அத்தியாயத்தில் வருவதும் இவ்வினையே. பறவையின் இரைப்பை 'ஹவ்ஸலா'. அதுவே உருதுவில் மனத்துணிவு ஆகிவிட்டது!

இவ்வேரின் இரண்டு கிளைகள் நம்மிடம் உண்டு. மஹ்ஸூல், அதாவது 'பெறப்பட்டது', நம் மகசூல். தஹ்ஸீல் என்னும் வசூலிப்பில் பாரசீக விகுதி சேரத் தாசில்தார். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, மஹ்மூது பந்தர் என்றும் பெயர்பெற்ற பரங்கிப்பேட்டை இருப்பதால், இவையும் மரக்காயர் கப்பலில் வந்திறங்கியவை என்று எண்ணத் தோன்றும். அந்தத் 'தார்' வேறு வழியைக் காட்டுகிறது. பாரசீகச் சொற்கள் புழங்கிய பீஜப்பூர், ஆர்க்காட்டு ஆட்சிகளின் வழியே தரைமார்க்கமாக வந்தவை இவை. மராத்தியில் 'மஹசூல்' இன்றும் அரசு வருவாய்தான். தமிழ் உழவரோ வரிக்காரர் வாயிலிருந்து சொல்லை வாங்கி, வயலுக்கே திருப்பிவிட்டார்.

பிறமொழிச் சொல் களைதலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் மகசூலை அடித்து 'விளைச்சல்' என்று எழுதுகிறார்கள். நான் அதற்கு உடன்படுவதில்லை. விளைச்சல் வயலில் நிற்பது; மகசூல் களத்தில் அடித்துத் தூற்றியபின் கைக்கு வந்தது. தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் 'கண்டுமுதல்' என்ற அருமையான சொல் இருக்கிறது. அதை மீட்கலாம், அகராதிகளைப் புரட்டுபவர்களுக்குக்கூட அது நினைவுக்கு வருவதில்லை என்பதே என் ஆற்றாமை.

காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணத்துப் பாசனத்தில் நெல் விளைக்கும் என் தந்தைக்கு இந்த வேறுபாடு வயிற்றுப்பாடு. காப்பீட்டுத் தாளில் மகசூல் என்பது மீண்டும் ஒரு கணக்குச் சொல். ஊரில் சில வயல்களில் ஐந்து மீட்டர்க்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, எடைபோட்டுச் சராசரி காண்கிறார்கள். மேட்டு நிலம் தப்பிப் பள்ளம் மூழ்கினாலும் எண் ஒன்றுதான். 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் எங்கள் பள்ளக்கால் சம்பா, கதிரோடு சாய்ந்து நீரிலேயே முளைத்தது. அதற்கு முந்தைய வாரம்வரை "விளைச்சல் நல்லாத்தான் இருக்குப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கணக்குநோட்டில் அந்தப் போகத்துக்கு விதை, நடவு, உரம், களையெடுப்பு என எல்லாவற்றுக்கும் தொகை இருக்கிறது. மகசூல் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும்.